பிரெக்ஸிட்: ஒரே நாளில் தெரியாத நஷ்டம்

2016 ஜூன் 24, வெள்ளிக்கிழமை. நம்ம மார்க்கெட் ஓப்பன் ஆகுற நேரம் பார்த்து லண்டன்ல இருந்து ரிசல்ட் வந்தது. 51.9 சதவீதம் பேர் ஐரோப்பிய ஒன்றியத்தை விட்டு வெளியே போகலாம்னு ஓட்டு போட்டிருந்தாங்க. சென்செக்ஸ் நடுவுல 1,000 புள்ளிக்கு மேல விழுந்து, கடைசியில 600 சொச்சம் புள்ளி நஷ்டத்துல முடிஞ்சது. ஜாகுவார் லேண்ட் ரோவரை வச்சிருக்குற டாடா மோட்டார்ஸ் மட்டும் ஏறக்குறைய 8 சதவீதம் அடி வாங்கிச்சு.

நான் என்ன பண்ணேன் தெரியுமா? எஸ்ஐபியை நிறுத்திட்டேன். உலக வியாபாரமே மாறப் போகுது, கொஞ்சம் பார்த்துட்டு போடலாம்னு ஒரு அதிமேதாவித்தனம். ஒரே வாரத்துல சென்செக்ஸும் சரி, லண்டனோட எஃப்டிஎஸ்இ 100-உம் சரி, பழைய இடத்துக்கு வந்துடுச்சு. "பார்த்தியா மச்சான், ஒண்ணுமே ஆகல"ன்னு டீம்ல இருந்த ஒருத்தன் சிரிச்சான். நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நம்பிட்டு இருந்தேன்.

இப்போ திரும்பிப் பார்த்தா, நாங்க ரெண்டு பேருமே தப்பு. நான் பயந்தது தப்பு. ஒண்ணுமே ஆகலன்னு அவன் சொன்னது அதைவிடப் பெரிய தப்பு.

முதல்ல ஒரு விஷயம். ஓட்டு போட்டது 2016-ல. பிரிட்டன் அதிகாரபூர்வமா வெளியே வந்தது 2020 ஜனவரி 31. அதுக்கப்புறமும் அந்த வருஷம் டிசம்பர் 31 வரைக்கும் பழைய விதிகள்தான். ஆக, வியாபாரம் நிஜமா மாறினது 2021 ஜனவரி 1-ல இருந்துதான். அதுவரைக்கும் "ஒண்ணும் ஆகல"ன்னு சொன்னவங்க, மேட்ச் ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே ஸ்கோர் பார்த்துட்டு இருந்தாங்க.

இன்னொண்ணு, நிறைய பேர் நினைக்கிற மாதிரி ஐரோப்பா பிரிட்டன் மேல வரி போடல. 2020 கிறிஸ்துமஸுக்கு முதல் நாள் முடிவான ஒப்பந்தத்துல, அங்கேயே தயாராகிற பொருளுக்கு ரெண்டு பக்கமும் சுங்க வரி பூஜ்யம். அப்புறம் எதுக்கு வியாபாரம் குறையணும்?

நம்ம ஊரை வச்சே யோசிச்சுப் பாருங்க. 2017-ல ஜிஎஸ்டி வர்றதுக்கு முன்னாடி ஓசூர் பக்கம் லாரிகள் எப்படி வரிசைகட்டி நிக்கும்? ஜிஎஸ்டி வந்ததும் அந்த வரி செக்போஸ்ட்டுகளை எடுத்தாங்க. பிரிட்டன் பண்ணினது இதுக்கு நேர் எதிர். வரி இல்ல, ஆனா செக்போஸ்ட் திரும்ப வந்துடுச்சு. இந்தப் பொருள் எங்க தயாராச்சுங்கிறதுக்கு ஆதாரம், சுங்க டிக்ளரேஷன், உணவுப் பொருளா இருந்தா சுகாதாரச் சான்றிதழ், அதுல கால்நடை மருத்துவர் கையெழுத்து.

ஸ்காட்லாந்து மீன் வியாபாரிகளுக்குத்தான் முதல் அடி. ராத்திரி ஏத்துற நண்டும் இறாலும் அடுத்த நாள் பிரான்ஸ் மார்க்கெட்டுல இருக்கும், அதுதான் அவங்க பிழைப்பே. பேப்பர் வேலையில ரெண்டு நாள் போனா சரக்கு நாறிடும். 2021 ஜனவரியில அவங்க லாரிகளை லண்டன் நாடாளுமன்றம் பக்கத்துல கொண்டுவந்து நிறுத்திப் போராட்டமே பண்ணாங்க. அந்த ஒரு மாசத்துல ஐரோப்பாவுக்குப் போற பிரிட்டன் சரக்கு ஏற்றுமதி சுமார் 40 சதவீதம் விழுந்ததா முதல் கணக்கு வந்தது. கோவிட் லாக்டவுனும், டிசம்பர்லயே ஸ்டாக் வாங்கி வச்சதும் அதுல சேர்ந்திருக்கு, அதனால பின்னாடி கணிசமா மீண்டு வந்தது.

ஆனா எல்லாரும் மீண்டு வரல. இதுதான் என்னை ரொம்ப யோசிக்க வச்ச இடம். 10 கன்டெய்னர் அனுப்புறவனுக்கும் 10 பெட்டி அனுப்புறவனுக்கும் ஒரே ஃபார்ம்தான். பெரிய கம்பெனி அதுக்குன்னு ஒரு டீம் போட்டுச் சமாளிச்சுடும். வீட்டோட சேர்ந்த ஷெட்டுல சீஸ் பண்ணி பெல்ஜியத்துக்கு அனுப்பிட்டு இருந்தவன் என்ன பண்ணுவான்? வேணாம்டா சாமின்னு விட்டுடுவான். லண்டன் ஸ்கூல் ஆஃப் எகனாமிக்ஸ் ஆய்வாளர்கள் 2024 கடைசியில வெளியிட்ட கணக்குப்படி, சுமார் 16,400 நிறுவனங்கள் ஐரோப்பாவுக்கு அனுப்புறதையே நிறுத்திடுச்சு. பிரிட்டனோட மொத்த சரக்கு ஏற்றுமதியில 6.4 சதவீதம் இழப்பு. இந்த 16,400 பேர்ல ஒருத்தர் பேரும் டிவியில வந்திருக்காது.

மறுபக்கத்தையும் சொல்லணும், இல்லன்னா அது நியாயம் இல்ல. சர்வீஸ் ஏற்றுமதி நல்லாவே வளர்ந்திருக்கு. கன்சல்டிங், சாஃப்ட்வேர், சட்ட ஆலோசனை இதையெல்லாம் லாரியில ஏத்தி அனுப்ப வேண்டியதில்லையே. 2025-ல டிரம்ப் வரி போட்டப்ப ஐரோப்பாவுக்கு 15 சதவீதம், பிரிட்டனுக்கு 10 சதவீதம்னு முடிஞ்சது, அதுவும் வெளியே வந்ததால கிடைச்சதுதான். கூட்டமைப்புக்குள்ள இருந்தா தனியா ஒப்பந்தம் போட முடியாது. வெளியே வந்ததாலதான் 2025 ஜூலை 24-ல இந்தியாவோட தனி ஒப்பந்தம் கையெழுத்தாச்சு. திருப்பூர் பனியனுக்கு அங்க 12 சதவீதம் வரைக்கும் இருந்த வரி போகுது. பங்களாதேஷ் சரக்கு ஏற்கனவே வரியில்லாம உள்ள போயிட்டு இருந்ததால, திருப்பூர்க்காரங்களுக்கு இது சின்ன விஷயம் இல்ல.

சரி, நமக்கு லாபம். பிரிட்டனுக்கு எவ்வளவு லாபம்? அவங்க அரசாங்கமே போட்ட கணக்குப்படி, இந்தியா ஒப்பந்தத்தால நீண்ட காலத்துல ஜிடிபி 0.13 சதவீதம் கூடும். பசிபிக் நாடுகளோட சேர்ந்த சிபிடிபிபி ஒப்பந்தத்தால 0.08 சதவீதம். ஐரோப்பாவை விட்டதால? அவங்க பட்ஜெட் கணக்கை ஆராயுற ஓபிஆர் அமைப்பு வச்சிருக்குற மதிப்பீடு, நாட்டோட உற்பத்தித்திறன் நீண்ட காலத்துல 4 சதவீதம் குறைவா இருக்கும்ங்கிறது. ஏற்றுமதி, இறக்குமதி ரெண்டும் உள்ளே இருந்திருந்தா இருக்கிற அளவைவிட 15 சதவீதம் குறைவு. பக்கத்து வீட்டுக்காரனோட நடந்த வியாபாரத்தை விட்டுட்டு கடல் தாண்டி பார்ட்னர் தேடினா கணக்கு இப்படித்தான் வரும். பொதுவா தூரத்து நாட்டைவிட பக்கத்து நாட்டோடதான் வியாபாரம் அதிகம் நடக்கும்.

இந்த 4 சதவீதத்தை எந்த ஒரு நாளோட தலைப்புச் செய்தியிலயும் நீங்க பார்க்க முடியாது. மாசம் 10,000 ரூபாய் எஸ்ஐபி, 20 வருஷம், 12 சதவீத ரிட்டர்ன்னா கிட்டத்தட்ட 1 கோடி. அதே பணம் 1 சதவீதம் கமிஷன்ல போய் 11 சதவீதமா வந்தா 87 லட்சம். அந்த 13 லட்சம் எந்தத் தேதியில போச்சுன்னு உங்களால காட்ட முடியுமா? போர்ட்ஃபோலியோ எல்லா வருஷமும் ஏறித்தான் இருக்கும். பிரிட்டன் பொருளாதாரமும் வளர்ந்துட்டுத்தான் இருக்கு. அதனாலதான் "ஒண்ணும் ஆகல"ன்னு சொல்றது ரொம்ப ஈசி.

ஐடியில இருக்குறவங்களுக்கு ஒரு தகவல். கம்பெனி உங்களை தற்காலிகமா பிரிட்டனுக்கு அனுப்பினா, அங்க நேஷனல் இன்ஷூரன்ஸ் கட்டாம இங்க பிஎஃப் மட்டும் கட்டுற சலுகை பழைய விதிப்படி 52 வாரம்தான். அதை நீட்டிக்க ரெண்டு நாடும் ஒத்துக்கிட்டிருக்கு. ஆன்சைட் ஆஃபர் வந்தா, அந்த ஏற்பாடு நடைமுறைக்கு வந்துடுச்சான்னு ஹெச்ஆர்கிட்ட கேட்டுட்டு டேக்-ஹோம் கணக்கு போடுங்க.

லண்டன்ல இப்போ என்ன நடக்குது? 2025 மே 19-ல பிரிட்டன் பிரதமர் ஐரோப்பியத் தலைவர்களோட உட்கார்ந்து, உணவுப் பொருள் சோதனைகளைக் குறைக்க ஒரு ஒப்பந்தம் போடலாம்னு முடிவு பண்ணினார். அதே சமயம் ஐரோப்பியப் படகுகள் பிரிட்டன் கடல்ல மீன் பிடிக்க 2038 வரைக்கும் அனுமதி நீட்டிக்கப்பட்டது. கடலை நாங்களே வச்சுக்குவோம்னு ஓட்டு கேட்டவங்க ஊர்ல, மீன் லாரிக்கு அந்த ஒரு கையெழுத்தை எடுக்க இவ்வளவு பேச வேண்டியிருக்கு.