கடைக் களிம்பு

விடுதி நண்பர் ஒருவர் படர்தாமரைக்குக் கடைக்காரர் கொடுத்த களிம்பைத் தடவினார். அரிப்பு நின்றது, படை மட்டும் பரவிற்று. குழாயைத் திருப்பிப் பார்த்தேன்: பூஞ்சைக்கொல்லியுடன் குளோபெட்டசால் என்னும் ஸ்டீராய்டும் இருந்தது.

நமது உயிரணுச் சவ்வில் இருப்பது கொலஸ்ட்ரால். பூஞ்சையின் சவ்வில் எர்கோஸ்டெரால். இவ்வேற்றுமையை நம்பியே பல மருந்துகள் நம்மை விட்டுப் பூஞ்சையைத் தாக்குகின்றன. எர்கோஸ்டெரால் உருவாகத் தேவையான ஸ்குவாலீன் எபாக்சிடேஸ் நொதியை டெர்பினாபைன் தடுக்கிறது. அந்நொதி சற்றே மாறினால் மருந்து பயன்படாது. 2020இல் பெயரிடப்பட்ட டிரைகோபைட்டான் இண்டோடினியே பலரிடம் இவ்வாறே தப்புகிறது. (பெயரிலேயே நம் நாடு! பெருமைப்படவா முடியும்?)

ஸ்டீராய்டு அரிப்போடு தோலின் எதிர்ப்பையும் அடக்குகிறது; பூஞ்சை பிழைத்துக்கொள்கிறது. மருத்துவரின் சீட்டின்றி இக்கலவையை விற்பதும் தவறு, வாங்குவதும் தவறு என்பேன். நண்பர் மூன்றாம் மாதமாகத் தோல் மருத்துவரிடம் போய்வருகிறார்.