ஆற்றங்கரை அரட்டை: ஏரியில் ஒரு சால்மன்



சென்ற இதழில் தோமான் மீனைப் பற்றி எழுதியிருந்தேன் அல்லவா? அதைப் படித்துவிட்டுப் பேராக் தோட்டப்புறத்துச் சகோதரி ஒருவர் கடிதம் போட்டிருக்கிறார். "அண்ணே, என் மகன் தீபாவளிக்கு வந்தபோது கோலாலம்பூரிலிருந்து சால்மன் மீன் வாங்கி வந்தான். துண்டு போட்டால் பழுத்த பப்பாளி போல இருந்தது. அது கடல் மீன் என்கிறான் அவன். ஏரியிலும் உண்டு என்று சாதிக்கிறார் என் வீட்டுக்காரர். இரண்டு நாளாக வீட்டில் இதே வழக்கு. யார் சொல்வது சரி?"

சகோதரி, இரண்டு பேருக்குமே வெற்றி என்று தீர்ப்புச் சொல்லி வழக்கை முடித்துவிடுங்கள். சால்மன் என்பது ஒரே மீன் அன்று, ஒரு குடும்பம். ஆற்றில் பிறந்து, கடலில் வளர்ந்து, முட்டையிட மறுபடியும் ஆற்றுக்கே திரும்பும் குடும்பம் அது. அந்தக் குடும்பத்தில் சாக்கை என்று ஒரு வகை. வட அமெரிக்காவின் மேற்குப் பகுதியில், எப்போதோ கடலுக்குப் போகாமல் ஏரியிலேயே தங்கிவிட்ட சாக்கையின் பெயர்தான் கொக்கனி. கடலில் வளரும் அண்ணனைவிட உருவத்தில் சிறியது. நல்ல தீனி கிடைத்தால் இரண்டு மூன்று பவுண்டு வரும். கடலையே காணாமல் வாழ்ந்து மடியும் மீன்.

பிற்காலத்தில் மனிதன் அதைக் கொண்டுபோய்ப் புதிய நீர்த்தேக்கங்களிலும் விட்டான். அப்படிப்பட்ட பெரிய நீர்த்தேக்கம் ஒன்றைப் பற்றித்தான் இன்றைய அரட்டை. மீன்பிடிக் கதையாகத் தொடங்கும் இது, முடியும்போது நம் ஊர் ஆற்றங்கரையில் வந்து நிற்கும்.

அமெரிக்காவில் யூட்டா, வையோமிங் என்று இரண்டு மாநிலங்கள். இரண்டையும் தொட்டுக்கொண்டு கிரீன் ஆறு ஓடுகிறது. 1869இல் ஜான் வெஸ்லி பவல் என்ற ஆய்வாளர் படகில் அந்த ஆற்றோடு இறங்கினார். வெயில் பட்டுச் செக்கச் செவேலென்று தெரிந்த பாறைச் சுவர்களைக் கண்டு அந்த இடத்துக்கு 'ஃபிளேமிங் கார்ஜ்' என்று பெயர் வைத்தார். எரியும் பள்ளத்தாக்கு என்று பொருள். அங்கேதான் பிற்காலத்தில் 502 அடி உயரத்துக்கு அணை எழும்பியது. அணைக்குப் பின்னால் தேங்கிய ஏரியின் நீளம் 91 மைல். லின்வுட் என்ற சிற்றூர் அதற்குள் மூழ்கிப்போனது. 1964 ஆகஸ்டில் அதிபர் ஜான்சனின் மனைவி வந்து அணையை நாட்டுக்கு அர்ப்பணித்தார்.

கடல் மட்டத்துக்கு 6,000 அடி உயரத்தில் உள்ள ஏரி அது. குளிர்காலத்தில் பனிக்கட்டி பிடிக்கும். நம் கேமரன் மலைக் குளிர் அதற்கு முன்னால் எம்மாத்திரம்!

இந்த ஏரியில் கொக்கனியைப் பிடிப்பது எப்படி?

நாம் மண்புழுவைக் கோர்த்து மதகடியில் போட்டுவிட்டு, பீடியைப் பற்றவைத்துக்கொண்டு காத்திருப்போம். கொக்கனியிடம் அது பலிக்காது. கண்ணுக்கு எளிதில் தெரியாத நீர்ப்பூச்சிகளை வடிகட்டித் தின்னும் மீன் அது. குளிர்ந்த தண்ணீரைத் தேடி நடு ஏரியில் கூட்டமாகத் திரியும். கோடையில் மேல் தண்ணீர் சூடேறிவிட்டால் ஆழத்துக்கு இறங்கிவிடும். ஏறக்குறைய 10 முதல் 13 செல்சியஸ் வெப்பமுள்ள நீர்மட்டம் எதுவோ, அங்கேதான் கூடி நிற்கும்.

ஆகவே, மீன்காரர் முதலில் கண்டுபிடிக்க வேண்டியது ஆழத்தைத்தான். படகில் எதிரொலிக் கருவி ஒன்று இருக்கும். மீன் கூட்டம் எத்தனை அடியில் நிற்கிறது என்று அது காட்டிவிடும். பிறகு கனமான ஈயக்குண்டு ஒன்றைக் கம்பியில் கட்டி அந்த ஆழத்துக்கு இறக்குவார்கள். தூண்டில் நரம்பை அந்தக் கம்பியில் ஒரு கிளிப்பால் மாட்டியிருப்பார்கள். மீன் கடித்தால் கிளிப் விட்டுவிடும், பிறகு மீனும் மனிதனும் நேருக்கு நேர். படகு ஆள் நடக்கும் வேகத்தைவிடக் குறைவாகத்தான் ஊர்ந்து போகும். முள்ளுக்கு முன்னால் பளபளக்கும் தகடு ஒன்று தண்ணீரில் இப்படியும் அப்படியும் ஆடிக்கொண்டே போகும். முள்ளில் சிறு இளஞ்சிவப்புப் பொம்மை, அதன் நுனியில் ஒன்றிரண்டு வெள்ளைச் சோளமணி. பூச்சி தின்னும் மீன் சோளத்தை ஏன் கடிக்கிறது என்று கேட்டால், கண்முன்னே ஆடும் தகட்டைக் கண்டு அதற்குக் கோபம் வந்துவிடுகிறது என்று அங்குள்ளவர்கள் சொல்கிறார்கள்.

கொக்கனியின் வாய் மிக மெல்லியது. வெடுக்கென்று இழுத்தால் கிழிந்து மீன் போய்விடும். அதனால் வளைந்து கொடுக்கும் மெல்லிய கோல் வேண்டும். சிலர் நரம்புக்கு நடுவே ஒரு சிறு ரப்பர்க் குழாயையும் மாட்டிக்கொள்வார்கள், இழுப்பின் அதிர்ச்சியை அது வாங்கிக்கொள்ளும். விடியலில் நாம் வெட்டிய பால் எங்கெங்கே போய் என்னென்ன வேலை செய்கிறது பாருங்கள்!

மூன்று நான்கு வயதானதும், செப்டம்பர் மாதவாக்கில், வெள்ளியாக மின்னிய அந்த மீன் கல்யாணப் பெண்ணைப் போல் சிவப்புக்கு மாறும். தலை பச்சையாகும். ஆண் மீனுக்குத் தாடை கொக்கிபோல் வளைந்து முதுகு கூனும். ஷீப் கிரீக் என்ற ஓடையில் கூட்டம் கூட்டமாக ஏறி, முட்டையிட்டு, அங்கேயே இறந்துபோகும். அதைப் பார்க்கவே மக்கள் குடும்பத்தோடு போவார்கள். அந்த நாட்களில் கொக்கனியை எடுத்துச் செல்லத் தடை உண்டு.

ஏரியின் இன்னொரு செல்வம் டிரவுட் மீன்கள். வானவில் டிரவுட், பழுப்பு டிரவுட், ஆழத்தில் வாழும் ஏரி டிரவுட் என்று பல வகை. 1977இல் இங்கே பிடிபட்ட பழுப்பு டிரவுட் ஒன்று 33 பவுண்டுக்கு மேல். 1988இல் பிடிபட்ட ஏரி டிரவுட் ஒன்று 51 பவுண்டையும் தாண்டியது. இரண்டும் யூட்டா மாநிலச் சாதனைகள். அந்த ராட்சத ஏரி டிரவுட்டுக்குப் பிடித்த உணவு என்ன தெரியுமா? நம் கொக்கனியேதான்.

இத்தனை வகை மீன்கள் இந்த ஏரிக்கு எப்படி வந்தன? கதையின் கசப்பான பகுதி இனிமேல்தான் வருகிறது.

அணைக் கதவை மூடுவதற்கு முன்னால், 1962 செப்டம்பரில், மீன்துறை அதிகாரிகள் கிரீன் ஆற்றிலும் அதன் கிளைகளிலும் 440 மைலுக்கு மேல் நஞ்சு கலந்தார்கள். கொட்டியது 20,000 கேலனுக்கும் அதிகம். ஆற்றில் காலங்காலமாக வாழ்ந்த மீன்களை அவர்கள் 'குப்பை மீன்' என்று கணக்கெழுதினார்கள். அவை இருந்தால் புதிதாக விடப்போகும் டிரவுட் குஞ்சுகளுக்குப் போட்டியாகிவிடும் என்பது அவர்கள் எண்ணம்.

அந்த நஞ்சின் பெயர் ரொட்டினோன். இந்த இடத்தில் சற்று நில்லுங்கள். அது நமக்கு அந்நியமான பொருள் அன்று. நம் நாட்டுத் தூபா வேரில் இருப்பதும் அதே பொருள்தான். போருக்கு முன்னர் மலாயாவில் தூபாவைப் பயிர் செய்து, பூச்சிமருந்துக்காக வெளிநாடுகளுக்குக் கப்பலேற்றினார்கள். வேரை நசுக்கிப் பிழிந்த பாலை ஆற்றில் கலந்தால், தண்ணீரில் உயிர்க்காற்று இருந்தும் அதைப் பயன்படுத்த முடியாமல் மீன் திணறி மேலே மிதக்கும். சிறு வயதில் ஒருமுறை எங்கள் தோட்டத்து ஆற்றில் இதைப் பார்த்தேன். பெரியவர்கள் பெரிய மீன்களைக் கூடையில் அள்ளிக்கொண்டு போனார்கள். விரல்நீளக் குஞ்சுகள் கரை நெடுக வெள்ளை வெள்ளையாகக் கிடந்தன. அடுத்த மழைக்காலம் வரை அந்த ஆற்றில் தூண்டிலைப் போட்டவர்கள் வெறுங்கையோடுதான் திரும்பினார்கள்.

கிரீன் ஆற்றில் நடந்ததும் அதுவே, அளவுதான் பெரிது. நஞ்சை முறிக்க மாற்றுமருந்து கலந்தார்கள். அது முழுதும் பலிக்கவில்லை. குறித்த எல்லையைத் தாண்டி, கீழேயிருந்த டைனோசர் தேசியக் காப்பகத்துக்குள்ளும் நஞ்சு பாய்ந்தது. நாடெங்கும் எதிர்ப்பு எழுந்தது. இனி இத்தகைய வேலைக்கு முன் அபூர்வ உயிரினங்களைக் கருத வேண்டும் என்று அன்றைய உள்துறை அமைச்சர் ஸ்டூவர்ட் உடால் 1963இல் உத்தரவிட்டார்.

அந்தக் 'குப்பை மீன்'களில் ஒன்று கொலராடோ பைக்மின்னோ. ஆறடி நீளத்துக்கு, 80 பவுண்டு எடைக்கு வளர்ந்ததாகப் பழைய பதிவுகள் உண்டு. முதலில் குடியேறிய மக்கள் அதைப் பிடித்துச் சமைத்து உண்டார்கள். அவர்கள் அதற்கு வைத்த பெயரைக் கேட்டால் வியப்பீர்கள்: 'வெள்ளைச் சால்மன்'! தங்கள் ஆற்றின் சால்மனைக் குப்பை என்று கொன்றுவிட்டு, வேறு ஊர்ச் சால்மனைக் கொண்டுவந்து விட்டார்கள்.

நஞ்சை மட்டும் குற்றம் சொல்வதும் நியாயமாகாது. அணையின் அடியிலிருந்து வந்த குளிர்நீர், வெதுவெதுப்பான தண்ணீருக்குப் பழகிய அந்த மீன்களை மேலும் வாட்டியது. 1978இல், வேண்டிய மட்டத்திலிருந்து சற்றே சூடான நீரை எடுத்து அனுப்ப அணையில் வசதி செய்தார்கள். பைக்மின்னோ 1967லேயே அழிவின் விளிம்பிலுள்ள இனமாக அறிவிக்கப்பட்டது. அதே ஆற்றின் கூன்முதுகு ரேசர்பேக், போனிடெயில் ஆகிய மீன்களை இன்று அரசாங்கமே பண்ணையில் வளர்த்து ஆற்றில் விடுகிறது. அன்று கொல்லச் செலவழித்தது அரசுப் பணம், இன்று காக்கச் செலவழிப்பதும் அரசுப் பணம்.

ஏரிக்குள் புதிய தொல்லைகளும் வராமல் இல்லை. பர்போட் என்ற மீனை யாரோ திருட்டுத்தனமாக விட்டிருக்கிறார்கள். 2006இல் அது ஏரியில் இருப்பது தெரியவந்தது. அகப்பட்ட பர்போட்டை உயிரோடு திரும்ப விடக்கூடாது என்பது யூட்டாவில் சட்டம். சிறிய ஏரி டிரவுட் பெருகிவிட்டதால், 'அவற்றை நிறையப் பிடித்துக் கொண்டுபோய்ச் சாப்பிடுங்கள், கொக்கனி பிழைக்கட்டும்' என்று மீன்துறையே கேட்டுக்கொள்கிறது. ஒரு மீனை விட்டவர்கள் அதைக் காக்க இன்னொன்றைக் குறைக்க வேண்டியிருக்கிறது. ஒரு நூலை இழுத்தால் முழுச் சேலையும் சுருங்குகிறதே, அதே கதைதான்.

கொக்கனியின் மேல் எனக்குக் கோபமில்லை. தன்னைக் கொண்டுவரச் சொல்லி அது யாரையும் கேட்கவில்லை. வந்த இடத்தில் வாழ்ந்து, உரிய நாளில் சிவந்து, தன் குஞ்சுகளுக்காக உயிரை விடுகிறது. அதைத் தூண்டிலில் பிடிப்பவர்களும் தவறு செய்யவில்லை. ஓர் உயிரைக் 'குப்பை' என்று எழுதிய அந்தப் பேனாவைத்தான் எண்ணிப் பார்க்கிறேன். காசுக்கு உதவாதது எல்லாம் குப்பை என்று கணக்கெழுதும் பேனா, மீனோடு நின்றுவிடுவதில்லை. தோட்டத்தில் பிறந்து வளர்ந்த நமக்கு அது தெரியாததா?

நம் ஆறுகளிலும் கெலாவும் செபாராவும் விராலும் இன்னும் இருக்கின்றன. நஞ்சு கலந்து மீன் பிடிப்பது நம் நாட்டிலும் சட்டப்படி குற்றம். சட்டம் இருக்கட்டும். இந்த விடுமுறையில் பிள்ளைகளை ஆற்றங்கரைக்கு அழைத்துப் போகும் பெற்றோர்களே, ஒரு தூண்டிலும் கொஞ்சம் மண்புழுவும் போதும். வீட்டில் வளர்த்துச் சலித்த அயல்நாட்டு மீனை ஆற்றில் கொட்டாதீர்கள். கையளவுகூட இல்லாத குஞ்சு மாட்டினால், பிள்ளையின் கையாலேயே தண்ணீரில் திரும்ப விடச் சொல்லுங்கள். பத்து ஆண்டுகள் கழித்து அதே கரையில் அவன் தன் பிள்ளையோடு உட்கார அந்தக் குஞ்சுதான் முதல்.

பேராக் சகோதரியின் வீட்டு வழக்கு தீர்ந்தது என்று நம்புகிறேன். அடுத்த முறை மகன் சால்மன் வாங்கி வந்தால் புளி கொஞ்சம் குறைத்துப் போட்டுக் குழம்பு வையுங்கள் அம்மா, அது கொழுப்பு மீன்.

அடுத்த இதழில் கெளுத்தியைப் பற்றிப் பேசுவோம். அதுவரை வணக்கம்.