தீவுக்குக் கடல்தானே வழி!

தோழர்களே, அந்தமான் வரைபடத்தை ஒருமுறை எடுத்துப் பாருங்க. தெற்கே போர்ட் பிளேயர், அதாவது இன்றைய ஸ்ரீ விஜயபுரம். வடக்கே திக்லிபூர். தெற்கு அந்தமான், பாராடங், நடு அந்தமான், வடக்கு அந்தமான் என்ற தீவுகளைக் கோக்கிற ஒற்றை நூல்தான் தேசிய நெடுஞ்சாலை 4. நீளம் சுமார் 330 கிலோமீட்டர்.

திக்லிபூரில் ஒருவருக்குப் பெரிய சிகிச்சை தேவைப்பட்டால் தலைநகருக்குத்தான் வரணும். தமிழர், வங்காளி, ராஞ்சிக்காரர் என அங்கே உழைத்து வாழும் மக்களின் தேவையை நாம் மறுக்கல.

ஆனா இதே சாலை ஜாரவா பழங்குடிகளின் காட்டுக்குள்ளேயும் போகுது. ஜிர்காடாங்கில் வண்டிகளை வரிசையாக நிறுத்தி, போலீஸ் காவலோடு அனுப்புறாங்க. வெளியுலகத் தொடர்பு கூடியதும், 1999-ல் தட்டம்மை அந்த மக்களைத் தாக்கியது. உணவைக் காட்டி ஜாரவா பெண்களை ஆடவைத்த வீடியோ 2012-ல் வெளியானபோது நாடே தலைகுனிந்தது. அவங்க மனுசங்களா, வேடிக்கைப் பொருளா?

அந்தக் காட்டு வழியை மூடச் சொல்லி உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது 2002-ல். இன்றும் வண்டி ஓடுது!

சாலையா, பழங்குடியா என்று ஏழைகளை ஏழைகளோடு மோதவிடாதீர்கள். தினமும் ஓடும் கப்பல், கூலித் தொழிலாளிக்குக் கட்டுப்படியாகும் கட்டணம், நோயாளிக்கு முதலிடம். இதைச் செய்துவிட்டுக் காட்டு வழியை மூடுங்கள்.

குரல் கொடுக்க ஜாரவா மக்களுக்கு முகநூல் இல்லை. நமக்கு இருக்கு. பகிருங்கள் தோழர்களே!