ஒப்பேற்றல் வேறு, வேலை வேறு

அண்மையில் மும்பையில் நடந்த ஒரு கருத்தரங்கில், பழைய புல்லட்டின் கார்புரேட்டரைத் தாராவி மெக்கானிக் ஒருவர் பிரித்து வைத்திருக்கும் படம் திரையில் வந்தது. 'இதுதான் இந்திய ஜுகாட்' என்றார் உரையாளர். அவை கைதட்டியது. அந்தக் கைதட்டலுக்கு எதிராகவே இதை எழுதுகிறேன்.

நீர் இறைக்கும் டீசல் எஞ்சினை மரச்சட்டத்தில் பொருத்தி வட இந்தியச் சிற்றூர்களில் ஓட்டிய வண்டிக்கு ஜுகாட் என்று பெயர். 2012-இல் 'ஜுகாட் இன்னொவேஷன்' என்ற நூல் வெளிவந்த பிறகு அது மேலாண்மைத் துறையின் செல்லச் சொல்லானது. இன்று மானுடவியலும் சமூகவியலும் அதைக் கூச்சமின்றிக் கடன் வாங்குகின்றன. கையில் அகப்பட்டதை வைத்து அந்த நேரத்துச் சாமர்த்தியத்தால் சமாளிப்பது என்பதே அதன் உட்பொருள். பாராட்டைப் போலத் தோன்றும் இச்சொல், பாராட்டப்படுபவருக்குப் பயிற்சியோ அளவையோ கோட்பாடோ இல்லை என்று முன்கூட்டியே தீர்ப்பு எழுதிவிடுகிறது.

தாராவியின் தமிழ் மெக்கானிக்குகள் நாள் முழுதும் இந்தி பேசுபவர்கள். ஜுகாட் என்ற சொல் அவர்களுக்குத் தெரியாததன்று. ஆயினும் தம் தொழிலை அவர்கள் அப்படி அழைத்து நான் கேட்டதில்லை. அவர்களிடம் வேறோர் இணை இருக்கிறது: 'ஒப்பேத்துறது', 'வேலை'. எனக்குப் பழக்கமான திருநெல்வேலி அண்ணாச்சி ஒருவர் வாடிக்கையாளரிடம் சொல்வது இது: "ஒப்பேத்தித் தரச் சொன்னா இப்பவே தாரேன் தம்பி. வேலைன்னா நாலு நாளாவும்." முன்னதில் ஏளனம் ஒலிக்கிறது, பின்னதில் பொறுப்பு. பேசுவோரே இவ்வளவு தெளிவாகப் பிரித்து வைத்திருக்கும் இரண்டு கருத்துகளை ஒரே சொல்லில் குழைத்துவிட்டு அதற்குக் களஆய்வு என்று பெயரிடுகிறோம். மொழியியல் படித்தவனுக்கு இதைவிட எரிச்சலூட்டுவது வேறில்லை.

அந்த நாலு நாளில் நடப்பது என்ன? ஐம்பதுகளின் புல்லட்டில் இருந்தது பிரிட்டனின் அமால் கார்புரேட்டர். அதன் உடல் துத்தநாகக் கலப்புலோக வார்ப்பு. பழைய அமால்கள் பலவற்றில் உள்ளே ஏறி இறங்கும் ஸ்லைடும் அதே உலோகம். எஞ்சினின் உறிஞ்சல் ஸ்லைடை எப்போதும் ஒரு பக்கச் சுவரோடு சேர்த்து இழுப்பதால், பல்லாண்டு ஓட்டத்தில் வட்டத்துளை முட்டை வடிவமாகிறது. அந்த இடைவெளியில் அழையாத காற்று நுழைகிறது. வண்டி ஐடிலில் நிற்காது. ஐடில் திருகை ஏற்றிவிட்டு அனுப்புவது ஒப்பேற்றல். உடலை லேத்தில் குடைந்து மீண்டும் வட்டமாக்கி, ஸ்லைடுக்குப் பித்தளை உறை ஏற்றி, சூட்டில் விரியும்போதும் பிடிக்காத அளவுக்குக் கடைந்து சேர்ப்பது வேலை. நட்டை மிகையாக முறுக்கியதால் முகப்பு வளைந்திருந்தால், கண்ணாடித் தகட்டின் மேல் எமரித்தாளை விரித்துத் தேய்த்துச் சமப்படுத்துவார்கள்.

நீடில் ஜெட்டோ இன்னும் நுட்பமானது. அமாலில் அது 0.105, 0.106, 0.107 அங்குலம் என்று வரிசையாக வரும். ஓர் அளவுக்கும் அடுத்ததற்கும் இடையே 0.025 மில்லிமீட்டர், தலைமுடியின் தடிமனில் பாதிகூட இராது. ஊசி உரசி அவ்வளவு தேய்ந்தாலே நடு வேகத்தில் பெட்ரோல் மிகுந்து கரும்புகை வரும். இதை அண்ணாச்சி எஞ்சினின் ஒலியிலும் பிளக்கின் நிறத்திலும் படிக்கிறார். வெளுத்திருந்தால் பெட்ரோல் போதவில்லை, கரி படிந்திருந்தால் மிகுதி, டீயின் பழுப்பென்றால் சரி. இதே வாசிப்பு ஆய்வகத்தில் நடந்தால் நாம் அதை நோயறிதல் முறை என்போம்.

'குர்லா சி.எஸ்.டி. சாலையில் புதிது கிடைக்குமே, மாற்றிவிடலாமே' என்பார்கள். சில நேரம் அதுவே சரி. வார்ப்பு விரிசல் விட்டிருந்தால் அண்ணாச்சியே தூக்கிப் போடச் சொல்வார். ஆனால் தேய்ந்த உடலுக்குள் புது ஸ்லைடைப் போடுவது பணத்தைக் காற்றில் விடுவது. முழுதாக மாற்றினாலும் ஜெட்டுகளை அந்த எஞ்சினுக்கு ஏற்ப ஒருவர் அமைத்தே தீர வேண்டும்.

எத்தனால் வந்த பின் இது இன்னும் கூர்மையாகிவிட்டது. ஒரு கிலோ பெட்ரோல் முழுதாக எரிய ஏறத்தாழ 14.7 கிலோ காற்று வேண்டும். எத்தனாலுக்கு 9 போதும். ஆகவே 2025-இல் நாடு எட்டிய 20 விழுக்காடு கலப்பில், அதே காற்றுக்கு எரிபொருள் சற்றுக் கூடுதலாக வர வேண்டும். 2020 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்த பி.எஸ். 6 விதிகளுக்குப் பிந்தைய வண்டிகளில் உணரியும் கணினியும் அதைச் சரிசெய்துகொள்ளும். கார்புரேட்டருக்கு அந்த அறிவில்லை, எஞ்சின் சூடேறும். மெயின் ஜெட்டைப் பெரிதாக்குவதா, ஊசியை ஒரு படி உயர்த்துவதா, இரண்டுமா? அக்கால ரெட்டிட்ச் கையேடு எதிலும் இதற்கு விடையில்லை. விடை இப்போது உருவாகிக்கொண்டிருப்பது மாட்டுங்காவின் பொறியியல் வகுப்பறைகளிலிருந்து நடந்தே போய்விடக்கூடிய தூரத்தில், தாராவிப் பட்டறைகளில். எழுதி வைப்பார்தான் யாருமில்லை.

சொல் எதற்கு, பொருள் போதாதா என்று கேட்கும் நண்பர்களுக்கு ஒன்று. 2021 ஜூலையில் வந்த மத்திய விதி, ஐம்பது ஆண்டு கடந்த வண்டிக்கு 'வி.ஏ.' பதிவெண் தருகிறது. கட்டணம் 20,000 ரூபாய். வண்டி அசல் வடிவில் இருக்க வேண்டும் என்பது நிபந்தனை. அசலைக் காப்பதை அரசு வண்டிக்காரரிடம் கேட்கிறது. காத்துக் கொடுப்பவரை எந்த ஆவணமும் அறியாது. ஜுகாட் என்றால் ஒரு ஸ்குரூடிரைவரோடு எங்கு வேண்டுமானாலும் போய் உட்காரலாம். வேலைக்கு லேத்காரர் வேண்டும், பித்தளை வேண்டும், முலாம் பூசுபவரும் பேக்கிங் வெட்டுபவரும் வேண்டும். எல்லாரும் கூப்பிடு தூரத்தில் வேண்டும். தாராவி மறுசீரமைப்பிலோ, உள்ளேயே இலவச இடம் பெறும் தகுதி 2000 ஜனவரி 1-க்கு முன்பிருந்த தரைத்தளக் கட்டுமானத்துக்குத்தான். அண்ணாச்சியின் பட்டறை அதற்கு முந்தையது. அவருக்குத் துளை குடைந்து தரும் லேத்காரர் வந்தது 2006-இல்.