சிடி பிளேயருக்கு ஒன்றேகால் லட்சமா?

திருவண்ணாமலையில் இருக்கும் எங்க சித்தப்பா போன வருஷம் வாத்தியார் வேலையில் இருந்து ரிட்டயர் ஆனார். மனுஷனுக்கு வெத்தலை, சிகரெட்டுன்னு எதுவும் கிடையாது. ஒரே பழக்கம் சிடி. முன்னூத்துச் சொச்சம் சிடியை பீரோவில் சித்தியோட புடவைக்குப் பக்கத்துல அடுக்கி வச்சிருக்கார். இளையராஜாவின் 'ஹவ் டு நேம் இட்'ல ஆரம்பிச்சு, ரமணாசிரமப் புத்தகக் கடையில் வாங்கின பாராயண சிடி வரைக்கும் இருக்கு. ஊரே செல்போனுக்கு மாறின பிறகும் இவர் மட்டும் சிடியைத் துடைச்சு, தட்டில் வச்சு, பட்டனை அமுக்கித்தான் கேப்பார்.

இருபது வருஷம் உழைச்ச அவரோட பிளேயர் திடீர்னு விக்க ஆரம்பிச்சுது. கையில் ரிட்டயர்மெண்ட் பணம் வேற. "டேய், வாழ்க்கையில ஒரு தடவையாவது நல்ல சவுண்டு கேட்டுட்டுப் போறேன்டா"ன்னு ஒன்றேகால் லட்ச ரூபாய் பிளேயர் ஒண்ணைப் பாத்து வச்சுட்டார். சித்திக்கோ அந்தப் பணத்துல மொட்டை மாடி ஒழுகலை அடைக்கணும். பஞ்சாயத்துக்கு என்னைக் கூப்பிட்டாங்க.

நான் சித்தி கட்சி. மாடிக்காக மட்டும் இல்லை. நல்லா ஓடுற ஒரு சாதாரண பிளேயருக்கு மேல காசைக் கொட்டினா சவுண்டு கூடாதுங்கறது என் நம்பிக்கை. ஏன்னு சொல்றேன்.

சிடியில இருக்கறது வெறும் எண்கள். ஒரு நொடிக்கு 44,100 தடவை, இடது வலதுன்னு ரெண்டு பக்கத்துக்கும், ஒவ்வொண்ணும் 16 பிட். மனுஷக் காது நல்லா இருக்கற வயசுலயே 20,000 ஹெர்ட்ஸுக்கு மேல கேக்காது. அதுல ரெண்டு மடங்குக்கு மேல அளந்துட்டா அந்த அலையை முழுசாத் திருப்பி வரைஞ்சிடலாம். கணக்கு அவ்வளவுதான். சின்னக் கீறல் விழுந்தாலும் பிழை திருத்தும் கணக்கு ஒண்ணு உள்ளேயே இருக்கு; சுமார் 2.5 மில்லிமீட்டர் நீளத்துக்கு அழிஞ்சு போனதைக்கூட முழுசா மீட்டுடும். இதை விலை குறைஞ்ச பிளேயரும் செய்யுது. விலை கூடின பிளேயர் அதே எண்ணை இன்னும் பக்தியோட படிக்கறதில்லை.

ஒரு காலத்துல வித்தியாசம் இருந்தது உண்மைதான். 1982 அக்டோபர்ல ஜப்பான்ல வந்த சோனி சிடிபி-101 விலை 1,68,000 யென். அவ்வளவு விலைக்கும் எண்ணை ஒலியா மாத்தற சிப் ஒண்ணே ஒண்ணுதான். இடது வலதுன்னு மாறி மாறி ரெண்டு பக்கத்தையும் அதுதான் பாத்துக்கிச்சு. பிலிப்ஸோட முதல் பிளேயர்ல இருந்தது 14 பிட் சிப். அதையும் சாமர்த்தியமா சமாளிச்சாங்க, அது வேற கதை. அப்ப "எந்த பிளேயர் நல்லாருக்கும்"ங்கறது நியாயமான கேள்வி. சிப்பெல்லாம் சல்லிசா ஆன பிறகும் நம்மாளுங்க அந்தக் கேள்வியை மட்டும் விடலை.

அமெரிக்காவுல பாஸ்டன்ல மேயர், மோரன்னு ரெண்டு பேர் ஒரு சோதனை பண்ணி 2007ல வெளியிட்டாங்க. சிடியை விட உசத்தின்னு சொல்ற சூப்பர் ஆடியோ சிடி, டிவிடி ஆடியோவை நேராவும் போட்டாங்க, நடுவுல ஒரு சிடி ரெக்கார்டரை நுழைச்சு சிடி தரத்துக்கு இறக்கியும் போட்டாங்க. எது எதுன்னு சொல்லாம கேக்க விட்டாங்க. 554 தடவையில் 276 தடவை சரியான பதில். அதாவது 49.8 சதவீதம். காசு சுண்டிப் போட்டாலும் அதே பதில்தான் வரும்.

"அது வெள்ளைக்காரன் காது. என் காது வேற"ன்னார் சித்தப்பா. சரி, உங்க காதையே சோதிச்சுடுவோம்னேன்.

மாசாமாசம் பௌர்ணமிக்கு கிரிவலம் வர்ற பெங்களூர் நண்பர் ஒருத்தர்கிட்ட கிட்டத்தட்ட அதே விலை பிளேயர் இருக்கு. அடுத்த பௌர்ணமிக்கு கார்ல எடுத்துட்டு வந்தார். அதுக்கு எதிரா, பரண்ல கிடந்த பழைய டிவிடி பிளேயர். ஒரு சிடி ஒரிஜினல், இன்னொண்ணு அதுல இருந்து அடிச்ச காப்பி, ரெண்டையும் ஒரே நேரத்துல ஓட விட்டேன்.

மொத ரவுண்டுல சித்தப்பா எல்லாத்தையும் சரியாச் சொல்லிட்டார். எனக்கு வேர்த்துடுச்சு. அப்புறம்தான் புரிஞ்சுது, டிவிடி பிளேயர் சுத்தறப்ப 'உய்ங்'னு ஒரு சத்தம், அதை வச்சே கண்டுபிடிச்சிருக்கார். ஸ்பீக்கரைத் தவிர எல்லாத்தையும் பக்கத்து ரூமுக்குக் கொண்டுபோய், வயரை ஜன்னல் வழியா இழுத்தேன்.

இன்னொரு முக்கியமான சமாச்சாரம் வால்யூம். சிடி பிளேயர்ல இருந்து வெளியே வர்றது வழக்கமா 2 வோல்ட். விலை கூடின சிலதுல 2.5 வோல்ட் வரும். அதுவே கிட்டத்தட்ட 2 டெசிபல் கூடுதல். சத்தம் துளி கூடினா நம்ம மூளை அதை 'சத்தம் கூட'ன்னு சொல்லாது, 'தெளிவு கூட'ன்னு சொல்லும். ஷோரூம்ல பாதிப் பேர் ஏமாறது இந்த இடத்துலதான். அதனால மல்டிமீட்டர் வச்சு ரெண்டையும் சமம் பண்ணினேன்.

இப்ப 16 தடவை போட்டதில் சித்தப்பா சரியாச் சொன்னது 9. பெங்களூர் நண்பர் 7. பிளேயருக்குச் சொந்தக்காரர் முகத்தைப் பாக்க எனக்கே சங்கடமா போச்சு.

நடுவுல சித்தி காபி கொண்டுவந்து வச்சுட்டு ஒரு கேள்வி கேட்டாங்க. "அந்த ஃபேனை நிறுத்திட்டுக் கேக்க மாட்டீங்களா?"

அதாங்க விஷயம்! சிடியோட மிகச் சின்னச் சத்தத்துக்கும் மிகப் பெரிய சத்தத்துக்கும் நடுவுல 96 டெசிபல் இடைவெளி இருக்கு. நம்ம வீட்ல மேல ஃபேன், வெளியில பஸ் ஹாரன், விசேஷ நாள்ல மைக் செட். அந்த நுணுக்கமெல்லாம் ஃபேன் சத்தத்துக்கு அடியிலேயே முங்கிப் போயிடும். மே மாசம் திருவண்ணாமலையில ஃபேனை நிறுத்திட்டுப் பாட்டுக் கேக்கறவர் யாராவது இருந்தா அவரும் ஒரு சித்தர்தான்.

அப்ப காசை எங்க போடறது? முதல்ல ஸ்பீக்கர். ரெண்டு ஸ்பீக்கருக்கு நடுவுல இருக்கற வித்தியாசம் கண்ணைக் கட்டிக்கிட்டுக் கேட்டாலும் தெரியும். அடுத்தது ரூம். மொட்டைச் சுவர், கிரானைட் தரைன்னா எதிரொலி பாட்டையே தின்னுடும். அப்புறம் சிடி. அதே பழைய பாட்டு ரெண்டு சிடியில ரெண்டு மாதிரி இருக்கும், ஒண்ணு நல்ல டேப்ல இருந்து எடுத்தது, இன்னொண்ணு சத்தத்தை ஏத்தி நசுக்கினது. ஒரே சிடியில் நூறு பாட்டு அடைச்ச எம்பி3 சிடியைப் போட்டுட்டு பிளேயரைக் குறை சொல்றதும் நியாயமில்லை. சாதா சிடியில் ஒரு நொடிக்கு 1,411 கிலோபிட், அதுல வழக்கமா 128. பதினோரு பங்குல ஒரு பங்கு.

கனமான அலுமினிய டப்பா, வெண்ணெய் மாதிரி வெளியே வர்ற தட்டு, வருஷக்கணக்கா உழைக்கற லென்ஸ், இதுக்கெல்லாம் விலை குடுக்கலாம். தப்பே இல்லை. ஆசைக்கு வாங்கறேன்னு சொல்லி வாங்குங்க. சவுண்டுக்குன்னு சொல்லாதீங்க. சித்தப்பா மாதிரி ஆளுங்க ஒரு தடவைதான் மொத்தமா பணத்தைப் பாக்கறாங்க. அதைக் காதுக்கே எட்டாத வித்தியாசத்துக்குக் குடுக்க வைக்கறது எனக்குச் சரியாப் படலை.

கடைசியில என்ன ஆச்சு? பழைய பிளேயரை ரிப்பேர் கடையில் குடுத்தோம். லென்ஸைத் துடைச்சு, தட்டோட பெல்ட்டை மாத்தி 400 ரூபாய். இதை முதல் நாளே செஞ்சிருக்கணும், என் புத்திக்கு அப்ப எட்டலை. முப்பதாயிரத்துக்கு நல்ல ஸ்பீக்கர் ஒரு ஜோடி, ஜன்னலுக்குக் கனமான திரை. மீதி மாடிக்கு. போன மழைக்கு ஒரு சொட்டு ஒழுகலை. "டேய், இந்தப் பாட்டுல இவ்வளவு வயலின் இருக்கா?"ன்னு சித்தப்பா போன் பண்ணினார்.

டிஸ்கி: எனக்கும் சித்தப்பாவுக்கும் காது மந்தம்னு நினைக்கறவங்க தாராளமா வரலாம். மல்டிமீட்டரும் கண்ணைக் கட்ட துண்டும் நான் தர்றேன். காபி சித்தி தருவாங்க.