பதுளையில் பனிநாய்க் குட்டிகள்

இரவுப் பதிப்பை முடித்துவிட்டு விடியும் வேளையில் உறங்கப் போகும் பழக்கம் எனக்கு முப்பது ஆண்டுகளாக இருந்தது. அதை ஒரே மாதத்தில் தலைகீழாக்கியவை ஆறு நாய்க்குட்டிகள்.

என் தமக்கையின் மகன் கொழும்பில் ஒரு சோடி சைபீரியன் ஹஸ்கி நாய்களை வாங்கி வளர்த்தான். வெளிநாட்டில் வேலை கிடைத்ததும் ஆண் நாயை நண்பனிடம் ஒப்படைத்துவிட்டு, சினையாயிருந்த பெண் நாயைப் பதுளைக்குக் கொண்டுவந்தான். “மாமா, உங்கட ஊர் குளிர்தானே, இதுக்கு நல்லா ஒத்துப்போகும்” என்றான். மூன்றாவது வாரத்தில் அது ஆறு குட்டிகளை ஈன்றது.

மலையகம் என்றாலே நுவரெலியாக் குளிர் என்று நினைப்பது வெளியூராரின் வழக்கம். அப்புத்தளை 1,400 மீற்றருக்கு மேல் இருக்கிறது. பதுளை நகரமோ ஏறத்தாழ 680 மீற்றர் உயரத்தில், மலைகள் சூழ்ந்த பள்ளத்தில் கிடக்கிறது. சித்திரை வெயிலில் நண்பகல் வெப்பம் 30 பாகையை எட்டும். ஹஸ்கியோ வடகிழக்குச் சைபீரியாவின் சுக்சி மக்கள் பனியில் வண்டி இழுக்க வளர்த்த இனம். 1925 இல் அலாஸ்காவின் நோம் நகரில் தொண்டை அடைப்பான் நோய் பரவியபோது, 20 வண்டியோட்டிகளும் சுமார் 150 நாய்களும் ஆளுக்கொரு கட்டமாக ஆயிரம் கிலோமீற்றருக்கு மேற்பட்ட பனிப்பாதையை ஆறு நாட்களுக்குள் கடந்து மருந்தைக் கொண்டுசேர்த்தனர். அந்தப் பரம்பரையின் பிள்ளைகளைத்தான் நான் சீமெந்து முற்றத்தில் வைத்து வளர்க்க முயன்றேன்.

முதல் மூன்று வாரங்கள் தாயே எல்லாவற்றையும் பார்த்துக்கொண்டது. ஆறாவது வாரத்தில் என் வீடு என்னுடையதாக இல்லை. செருப்புகள் போயின, கீரைப்பாத்தி போயிற்று, இருபது ஆண்டுகளாகச் சேர்த்து வைத்திருந்த பத்திரிகை நறுக்குகளில் ஒரு கோப்பும் போயிற்று. அவை குறும்புக்காரக் குட்டிகள் அல்ல. நாள் முழுதும் ஓடுவதற்காகப் பிறந்த உடலுக்கு வேலை கொடுக்காவிட்டால் அது தானாக ஒரு வேலையைத் தேடிக்கொள்ளும், அவ்வளவுதான். ஆகவே வெயிலேறுமுன், காலை ஐந்து மணிக்கே, அவற்றை வெளியே கொண்டுபோக வேண்டியதாயிற்று. நண்பகலில் மின்விசிறியும் ஈரச் சாக்கும். ரோமத்தை மழித்துவிடலாமா என்று கால்நடை வைத்தியரைக் கேட்டேன். கூடாது, அந்த இரட்டைப் போர்வை வெயிலையும் தடுக்கிறது என்றார்.

இந்த இனம் குரைப்பதைவிட ஊளையிடுவதே அதிகம். நாய் ஊளையிட்டால் சாவு வரும் என்று நம்பும் அயலவர்களிடம் இதை எப்படி விளக்குவது?

இனி என் தவறைச் சொல்கிறேன். ஹாலிஎலப் பக்கத்துத் தோட்டமொன்றில் எனக்குப் பழக்கமான குடும்பம் ஒன்று உண்டு. அவர்களுடைய மகன் நீலக்கண் குட்டியொன்றைக் கேட்டு அழுதான். மனமிரங்கிக் கொடுத்துவிட்டேன். நான்காம் நாள் தகப்பனார் அதைத் திருப்பிக் கொண்டுவந்தார். லயத்து இஸ்தோப்பில் கட்டிவைத்த சங்கிலி உராய்ந்து கழுத்து புண்ணாகியிருந்தது. “நல்ல குட்டிதாங்கய்யா. ஆனா அதுக்கு ஓட எடம் வேணும். எங்களுக்கே எடம் இல்லீங்களே” என்றார். பத்தடிக்குப் பன்னிரண்டடி அறையில் ஒரு குடும்பம். வெளியே கண்ணுக்கெட்டிய தூரம் தேயிலை, அதில் ஒரு சாண் நிலமும் அவர்களுடையதல்ல. 1,000 ரூபா நாட்சம்பளத்துக்கு 2021 வரை போராடிய மக்கள் அவர்கள். ஏழு பேர்ச் காணி பற்றி நான் எத்தனையோ செய்தி எழுதியிருக்கிறேன். அந்த வாக்கியத்தைப் போல் ஒன்றை எழுதியதில்லை.

ஒரு நாயை வாங்குவது இரக்கச் செயல் என்று நாம் எண்ணிக்கொள்கிறோம். பெரும்பாலும் அது அழகுக்குக் கொடுக்கும் விலையே. நீலக் கண்ணுக்காகப் பனிநாட்டு விலங்கை வெயிலுக்குக் கொண்டுவருகிறோம். களைத்ததும் வேறொருவர் தலையில் கட்டுகிறோம். வாங்க வசதியில்லாதவரிடமோ அது இலவசமாக வந்து சேர்கிறது. தீனியும் தடுப்பூசியும் இலவசமாக வருவதில்லை.

ஊர் நாய்களின் கதையும் இதுவே. பஸ் நிலையத்திலும் கோயில் வாசலிலும் சாக்கில் கட்டி விடப்படும் குட்டிகளில் பெரும்பாலானவை பெண் குட்டிகள். 2006 ஆம் ஆண்டிலே தெருநாய்களைக் கொல்வதை அரசு நிறுத்தியது. அது சரியான முடிவு. 1973 இல் விசர்நாய்க்கடியால் 377 பேர் இறந்த இந்நாட்டில், அண்மைய ஆண்டுகளில் அத்தொகை சில பத்துகளாகக் குறைந்ததற்குத் தடுப்பூசியே முதற்காரணம். ஆனால் கொல்லாமை மட்டும் போதாது. பிறப்பைக் கட்டுப்படுத்தாத கருணை, குட்டிகளைத் தெருவில் பசிக்கு விடும் கருணை.

நாய்களைப் பதிவுசெய்யும் சட்டம் 1901 முதல் இங்கு உண்டு. பதிவோடு, விற்பனைக்காக இனம்பெருக்குவோருக்கு அனுமதிப்பத்திரமும் கட்டாயமாக வேண்டும். தோட்டங்களுக்குக் கருத்தடைச் சிகிச்சை நடமாடும் சேவையாக வரவேண்டும். ஒருநாள் சம்பளத்தை இழந்து நாயோடு நகரத்துக்கு வா என்று ஒரு கொழுந்து பறிக்கும் தாயிடம் சொல்வது நியாயமல்ல. வசதியுள்ள நாமோ ஒன்றே ஒன்றைச் செய்தால் போதும்: ஓர் ஈற்றுக் குட்டிகள் முழுவதற்கும் இடம் தேடிவைக்காமல் ஒரு நாயையும் ஈன விடக்கூடாது.

தாய்க்குக் கருத்தடை செய்தாயிற்று. நான்கு குட்டிகள், அதே நிபந்தனையோடு, வேலியிட்ட பெருந்தோட்டம் உள்ள குளிரூர் வீடுகளுக்குப் போயின. கழுத்துப் புண் ஆறிய குட்டியும் அதன் தங்கையும் என்னோடு இருக்கின்றன. அந்தச் சிறுவன் விடுமுறை நாட்களில் அதைப் பார்க்க வருகிறான். அவனுக்குக் கொடுக்க என்னிடம் இருப்பது காலை ஐந்து மணியும், கயிற்றின் ஒரு முனையும்தான்.