குழந்தைக்கு மூன்று சக்கர வண்டி

பெரம்பலூரிலிருந்து ஒரு சகோதரி எழுதுகிறார்: "எங்கள் பையனுக்குப் பத்து மாதம் நிறைகிறது. சிங்கப்பூரில் இருக்கும் என் அண்ணன் அடுத்த மாதம் வருகிறார். மருமானுக்கு மூன்று சக்கரத் தள்ளுவண்டி வாங்கி வரட்டுமா என்று கேட்கிறார். என் கணவருக்குப் பெரிய சக்கரம் வைத்த வண்டியின் மேல்தான் கண். அரியலூரிலிருக்கும் என் அம்மாவோ, 'பஸ்ஸில் ஏற்ற முடியுமா என்று பார்' என்கிறாள். என் மாமியார், 'இடுப்பு எதற்கு இருக்கிறது?' என்று ஒரே கேள்வியில் முடித்துவிட்டார். யார் சொல்வது சரி?"

அம்மா சொல்வதும் சரி; மாமியார் கேட்பதும் சரி; கணவரின் ஆசையிலும் தப்பில்லை. ஆனால் இந்த மூவரையும் கேட்பதற்கு முன்னால் கேட்க வேண்டியவர் ஒருவர் உண்டு. அவர்தான் உங்கள் வீட்டு வாசலில் ஆரம்பிக்கும் தெரு!

ஆங்கிலத்தில் இந்த வண்டிக்குப் பெராம்புலேட்டர் என்று ஒரு பழைய பெயர். பெரம்பலூருக்கும் அதற்கும் சத்தத்தில் மட்டுமே சொந்தம். 'சுற்றி நடப்பது' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது. 1733-ல் வில்லியம் கென்ட் என்பவர் இங்கிலாந்தில் ஒரு பிரபுவின் குழந்தைகளுக்காக, ஆடு பூட்டி இழுக்கும்படி ஒரு சிறு வண்டி செய்து கொடுத்தார். பின்னாலிருந்து கையால் தள்ளும் வண்டி பிரபலமானது 1850-களில். அந்தக் காலத்து வண்டிகளில் பல, மூன்று சக்கரம் உள்ளவையே. ஆகவே மூன்று சக்கரம் என்பது இன்றைய நாகரிகம் அல்ல. பழைய சரக்கு திரும்பி வந்திருக்கிறது.

திரும்பி வந்த கதையும் சுவையானது. 1984-ல் அமெரிக்காவில் பில் பெய்ச்லர் என்ற பத்திரிகைக்காரர், தாம் ஓடும்போது பிள்ளையையும் கூட அழைத்துப் போக விரும்பினார். சைக்கிள் சக்கரம் போன்ற பெரிய சக்கரங்கள் மூன்றைப் பூட்டி ஒரு வண்டி செய்தார். இன்று கடையில் காணும் பெரிய மூன்று சக்கர வண்டிகளுக்கெல்லாம் அது முன்னோடி. ஓடுகிறவருக்காகப் பிறந்த வண்டி அது என்பதை மறக்காதீர்கள். கறிகாய் வாங்கப் போகிறவருக்கு அது அப்படியே பொருந்தும் என்று சொல்ல முடியாது.

முதலில் தெருவை அளந்து பாருங்கள்

கடைக்குப் போகும் முன் ஒரு நாள் வெறுங்கையோடு நடந்து பாருங்கள். வாரத்தில் எங்கெங்கே குழந்தையோடு போகிறீர்கள்? டாக்டர் வீடு, மளிகைக் கடை, பழைய பஸ் ஸ்டாண்டு, வெள்ளிக்கிழமை சிறுவாச்சூர் மதுரகாளியம்மன் கோவில், மாதம் ஒரு முறை அரியலூர். போகும் வழியில் எத்தனை படி, எத்தனை வேகத்தடை, மூடாத சாக்கடை எத்தனை, மண் ரோடு எவ்வளவு தூரம் என்று எண்ணுங்கள்.

கடையில் தரை வழவழவென்று கண்ணாடி போல் இருக்கும். அங்கே தள்ளினால் எந்த வண்டியும் அன்னம் போல் நீந்தும். உங்கள் தெருவில் கரிசல் மண் இருந்து, ஐப்பசி மழையும் பெய்துவிட்டால், சின்னச் சக்கரத்தில் மண் அப்பிக்கொண்டு வண்டி நகர மறுக்கும். சரளைக் கல்லில் கடகடவென்று ஆடிக் குழந்தையை எழுப்பிவிடும். இங்கேதான் உங்கள் கணவரின் கட்சி ஜெயிக்கிறது. பெரிய சக்கரம் பள்ளத்தில் விழாமல் மேட்டைத் தாண்டும். மூன்று சக்கரமானால் முன்னால் திருப்ப வேண்டியது ஒன்றே ஒன்று. ஒரு கையால்கூட வளைத்துத் திருப்பலாம்.

ஆனால் அதிலும் ஒரு குறை உண்டு. நான்கு சக்கர வண்டி நாற்காலி போல் நிற்கிறது. மூன்று சக்கர வண்டி முக்காலி போல் நிற்கிறது. குழந்தை ஒரு பக்கமாக முன்னால் எக்கினால், அந்தப் பக்கத்து முன் மூலையில் தாங்குவதற்குக் கால் கிடையாது. ரோட்டு ஓரம் சரிந்திருந்தால் பயம் இன்னும் அதிகம். ஆகையால் மூன்று சக்கரம் வாங்குவதானால் பின் சக்கரங்கள் இரண்டும் நன்றாக அகன்று, இருக்கை தாழ்வாக அமைந்திருக்கிறதா என்று பாருங்கள். முன் சக்கரம் எல்லாப் பக்கமும் சுழலும். மேடு பள்ளத்திலும் இறக்கத்திலும் அதை நேராகப் பூட்டிவைக்க ஒரு விசை இருக்க வேண்டும்.

இன்னொரு சிக்கல், நம் வீடுகளுக்கே உரியது. ஸ்கூட்டர் ஏற்றுவதற்காக வாசற்படியில் குறுகலாக ஒரு சிமெண்டுச் சரிவு போட்டிருப்போம். மூன்று சக்கர வண்டியின் முன் சக்கரம் அதில் ஜோராக ஏறும். பின் சக்கரங்கள் இரண்டும் சரிவுக்கு வெளியே அந்தரத்தில் நிற்கும்! வாங்குமுன் சரிவின் அகலத்தை ஒரு முழம் போட்டுப் பார்த்துவிடுங்கள்.

காற்றா, கெட்டி ரப்பரா?

காற்றடைத்த டயர் மெத்தென்று போகும். சந்தேகமில்லை. ஆனால் நம் பக்கத்துச் சீமைக் கருவேல முள்ளுக்குச் சிங்கப்பூர் டயர், உள்ளூர் டயர் என்ற பேதம் கிடையாது. ட்யூபின் வால்வு நம் ஊர் சைக்கிள் கடைப் பம்புக்குச் சேருமா, மாற்று ட்யூப் இங்கே கிடைக்குமா என்று அண்ணனை விசாரிக்கச் சொல்லுங்கள். சேராது என்றால், பஞ்சு போன்ற ரப்பர் நிரப்பிய சக்கரமே மேல். கொஞ்சம் குலுக்கினாலும் பாதி வழியில் உட்காராது.

கடையில் ஐந்து சோதனைகள்

1. வார்: இரண்டு தோள், இரண்டு இடுப்பு, கால்களுக்கு நடுவே ஒன்று என ஐந்து முனையிலும் பூட்டும் வாரே உத்தமம். இடுப்புக்கு மட்டும் வார் இருந்தால், துறுதுறுப்பான குழந்தை கீழே வழுகிவிடும், அல்லது எழுந்து நின்றுவிடும்.

2. பிரேக்: ஒரு மிதியில் இரண்டு பின் சக்கரங்களும் நிற்க வேண்டும். பிரேக் போட்டுவிட்டுத் தள்ளிப் பாருங்கள். தள்ளும் கம்பியோடு உங்கள் மணிக்கட்டைப் பிணைக்கும் நாடா இருந்தால் இன்னும் நல்லது. இறக்கத்தில் கை நழுவினாலும் வண்டி நழுவாது.

3. கீல்: மடக்கும் இடத்தில் குழந்தையின் விரல் புகுமா என்று பாருங்கள். 1965-ல் ஓவன் மெக்லாரன் என்ற விமான எஞ்சினீயர் குடை போல் மடங்கும் வண்டியைக் கண்டுபிடித்தார். உலகத்துத் தாய்மார்களுக்கு அது பெரிய உபகாரம். ஆனால் 2009-ல் அவர் பெயரைத் தாங்கிய வண்டிகளே அமெரிக்காவில் சுமார் 10 லட்சம் திரும்ப அழைக்கப்பட்டன. கீலில் சிக்கிச் சில குழந்தைகளுக்கு விரல் நுனி துண்டானதுதான் காரணம். வண்டியை விரிக்கும்போதும் மடக்கும்போதும் குழந்தை எட்ட இருக்கட்டும்.

4. சாய்வு: ஆறு மாதத்துக்கு உட்பட்ட குழந்தைக்கு முதுகு நிற்காது. அதற்கு ஏறக்குறையப் படுக்கையாகவே சாயும் இருக்கை வேண்டும். உங்கள் பையன் பத்து மாதத்தான், உட்காருவான். ஆனாலும் தூங்கிவிட்டால் சாய்க்க வசதி வேண்டும்.

5. கைப்பிடி: தள்ளப்போவது நீங்கள் மட்டும்தானா? உயரத்தை ஏற்றி இறக்கும் கைப்பிடியானால் கணவரும் தள்ளலாம். "எனக்குக் குனிய வராது" என்று சாக்குச் சொல்ல இடமில்லை!

கைப்பிடியைப் பற்றி இன்னொரு வார்த்தை. கறிகாய்ப் பையை அதில் மாட்டும் ஆசை யாருக்கும் வரும். மாட்டாதீர்கள். இரண்டு கிலோ வெங்காயம் பின்னால் தொங்கும்போது வண்டி தாங்குவது போலிருக்கும். குழந்தையைத் தூக்கிய மறு கணம் வண்டி மல்லாந்து விழும். குழந்தை உள்ளே இருக்கும்போதே விழுவதும் உண்டு. சாமானை இருக்கைக்கு அடியிலுள்ள கூடையில் வையுங்கள்.

வெயிலும் லாரியும்

சித்திரை வெயிலில் வண்டியின் மேல் ஒரு துண்டைப் போர்த்தி மூடுவது நம் வழக்கம். நிழல் கிடைக்கிறது; காற்று நின்றுவிடுகிறதே! ஆஸ்திரேலியாவில் சிட்னி பல்கலைக் கழகத்தார் இதைச் சோதித்து 2023-ல் முடிவை வெளியிட்டார்கள். உலர்ந்த மெல்லிய துணியால் மூடியபோது வண்டிக்குள் சூடு இரண்டரை டிகிரிக்கு மேல் கூடியது. துணியை நனைத்துப் போட்டு, சிறு விசிறியும் வைத்தபோது ஐந்து டிகிரியை ஒட்டிக் குறைந்தது. ஆகவே துணி போட்டால் ஈரத் துணி, அதுவும் காய்ந்தவுடன் மறுபடி நனைத்து, பக்கவாட்டில் காற்றுக்கு வழி விட்டு. உச்சி வேளையில் வெளியே போகாமலிருப்பது எல்லாவற்றையும்விட உத்தமம்.

அரியலூர்ப் பக்கம் போகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. சுண்ணாம்புக்கல்லும் சிமெண்டும் ஏற்றிய லாரிகள் ஓயாமல் ஓடும் சாலைகள் அவை. நம் மூக்கு உயரத்தைவிட, வண்டியில் உட்கார்ந்த குழந்தையின் மூக்கு உயரத்தில் புகையும் புழுதியும் அதிகம். பெரிய சாலையை விட்டு உள் தெருவாகச் செல்லுங்கள். சாலையைக் கடக்கும்போது வண்டியை முன்னே நீட்டிவிட்டு நின்று பார்க்கும் பழக்கம் வேண்டாம். உங்கள் கண் லாரியைப் பார்ப்பதற்குள் குழந்தை ரோட்டில் இருப்பான்!

பஸ் ஏறும் நாள்

இங்கே அம்மாவின் கட்சிக்குத்தான் வெற்றி. பெரம்பலூர் ஊருக்குள் ரயில் கிடையாது. அரியலூருக்குச் சுமார் 30 கிலோமீட்டர் பஸ்ஸில்தான் போக வேண்டும். பெரிய சக்கர வண்டிகள் பெரும்பாலும் கனமானவை. மடக்கினாலும் பருமன் குறையாது. ஒரு கையில் பிள்ளை, மறு கையில் வண்டி, தோளில் பை, பின்னால் கண்டக்டரின் விசில்! ஒரு கையால் மடக்க முடிகிறதா, மடக்கியதை ஒரு கையால் தூக்கிப் படி ஏற முடிகிறதா என்று கடையிலேயே செய்து பார்க்க வேண்டும். முடியவில்லை என்றால், எவ்வளவு அழகாக இருந்தாலும் வேண்டாம். அந்த வண்டி மூன்றாம் மாதம் பரணில் ஏறி, சின்ன வெங்காயம் காயப்போட உதவும்.

மாமியாரின் கேள்வி

இடுப்பு எதற்கு இருக்கிறது? நியாயமான கேள்விதான். இடுப்பில் இருக்கும் குழந்தை தாயின் முகம் பார்க்கிறது, பேச்சுக் கேட்கிறது. வண்டி அதற்குப் பதில் அல்ல. ஆனால் பத்துக் கிலோப் பிள்ளையை நாள் முழுதும் சுமப்பவளுக்கும் முதுகு ஒன்று இருக்கிறது. மாமியாருக்கும் இருக்கிறது. வண்டி அந்த முதுகுகளுக்காக. எப்போதும் அதிலேயே வைத்து உருட்டினால் பிள்ளை நடக்கப் பழகுவது எப்படி? தூரத்துக்கு வண்டி, வீட்டில் தரை.

அந்தத் தரைக்கும் ஒரு மூன்று சக்கர வண்டி நம்மிடம் இருக்கிறது: மரத்தாலான நடைவண்டி. பட்டினப்பாலையிலேயே, குதிரை பூட்டாமல் சிறுவர் உருட்டும் மூன்று சக்கரச் சிறு தேர் வருகிறது. பெரம்பலூர் மாவட்டத்து அரும்பாவூர் மரச் சிற்பத்துக்கு 2020-ல் புவிசார் குறியீடு கிடைத்தது. அங்கும் தழுதாழையிலும் கோவில்களுக்குத் தேரே செய்கிறார்கள். அப்படிப்பட்ட மாவட்டத்தில் ஒரு குட்டி நடைவண்டி செய்து தர நல்ல தச்சரா அகப்பட மாட்டார்? விளிம்பு இழைத்து, ஆணி தலை நீட்டாமல், அடி அகன்று, சற்றுக் கனமாகச் செய்யச் சொல்லுங்கள். லேசாக இருந்தால் வழவழத் தரையில் பிள்ளையை விட்டு ஓடிவிடும்.

அதற்குப் பதிலாக, நடுவில் குழந்தையை உட்கார வைத்துச் சுற்றிலும் சக்கரம் வைத்த பிளாஸ்டிக் வட்டத்தை மட்டும் வாங்காதீர்கள். அதன் வேகத்துக்கு நம் கால் ஈடு கொடுக்காது. அமெரிக்காவில் 1990 முதல் 2014 வரை, பதினைந்து மாதத்துக்கு உட்பட்ட 2,30,000-க்கும் மேற்பட்ட குழந்தைகள் அதனால் அடிபட்டு ஆஸ்பத்திரிக்கு வந்ததாகக் கணக்கிட்டார்கள். பெரும்பாலும் தலையிலும் கழுத்திலும் அடி. பெரும்பாலும் மாடிப் படியில் உருண்டது. கனடா 2004-லேயே அதன் விற்பனையைத் தடை செய்துவிட்டது. நடக்கவும் அது கற்றுத் தருவதில்லை.

ஆகவே சகோதரி, அண்ணனுக்கு இப்படி எழுதுங்கள்: "வெளியே போவது பெரும்பாலும் பஸ்ஸில் என்றால், ஒரு கையால் மடங்கும் லேசான நான்கு சக்கர வண்டி போதும். மண் தெருவில் தினம் நடப்பேன் என்றால் மூன்று பெரிய சக்கரம் வாங்கு. அகன்ற அடி, முன் சக்கரப் பூட்டு, ஐந்து முனை வார், முள் குத்தாத டயர் பார்த்து வாங்கு." உங்கள் வாரத்தில் எது அதிகம் என்று எண்ணிப் பார்த்து, இரண்டில் ஒரு வாக்கியத்தை அடித்துவிட்டு அனுப்புங்கள்.

நடைவண்டிக்கு மட்டும் அண்ணனை எதிர்பார்க்க வேண்டாம். அதை மாமியாரே பேரனுக்குச் செய்யச் சொல்லித் தரட்டும். மாமியார் கட்சியும் ஜெயித்த மாதிரி ஆகும்!